வீட்டிலிருந்துகொண்டே வீட்டைத் தேடுகிறவர்கள்

மறதி நோய் (டிமென்ஷியா) வந்த பெரியவர்கள் இருக்கும் வீடுகளில், பொழுது சாயும் நேரத்தில் ஒரு பேச்சு தவறாமல் கேட்கும்: “நான் வீட்டுக்குப் போகணும்.” அவர்கள் உட்கார்ந்திருப்பது சொந்த வீட்டில்தான். “இதுதானம்மா நம்ம வீடு” என்று பிள்ளைகள் எத்தனை தடவை சொன்னாலும், கையில் பையை எடுத்துக்கொண்டு வாசலையே பார்ப்பார்கள். ஒருநாள் யாரோ குளிக்கப் போன பத்து நிமிடத்தில் கதவு திறந்து கிடக்கும், ஆள் இருக்கமாட்டார்.

இது அபூர்வமாக எங்கோ நடப்பதல்ல. டிமென்ஷியா உள்ள 10 பேரில் 6 பேராவது ஒரு கட்டத்தில் இப்படிக் கிளம்பிப் போகிறார்கள் என்பது அமெரிக்க அல்சைமர் சங்கத்தின் கணக்கு. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், டிமென்ஷியாவுடன் வாழ்கிறார்கள் என்று 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. இப்படிக் கிளம்பிப் போவது குழந்தைகளிடமும் உண்டு. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழ பாதிப் பேர் 4 வயதுக்குப் பிறகு ஒரு முறையாவது வீட்டையோ பள்ளியையோ விட்டு வெளியேற முயன்றிருக்கிறார்கள் என்று 2012-ல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. ஆகவே, ஒருவர் காணாமல் போனதும் “வீட்ல பாத்துக்கிற லட்சணம் இதுதானா” என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிட வேண்டும். கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிற வீட்டிலும் இது நடக்கும்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அவர் கால்போன போக்கில் போவதாகத் தோன்றும். பெரும்பாலான நேரங்களில் அவர் ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டுதான் கிளம்புகிறார். அந்த இடம் எதுவென்று தெரிந்த குடும்பம் அவரைச் சீக்கிரம் கண்டுபிடிக்கிறது. மும்பைத் தமிழர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பெரியவர்கள் போக நினைக்கும் இடங்களில் பல இப்போது அங்கே இல்லை.

மும்பையில் டிராம்பே பக்கத்துச் சீத்தா கேம்ப் குடியிருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள பழைய குடும்பங்கள் 1976 வரை ஜனதா காலனியில் இருந்தவை. பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காக, நெருக்கடி நிலைக் காலத்தில், அந்தக் காலனி மொத்தமாகக் காலி செய்யப்பட்டது. அதில் ஏராளமானோர் தமிழர்கள். அன்றைக்கு 25 வயதில் கைக்குழந்தையோடு வந்தவருக்கு இன்று 75 வயது. மறதி நோய் அண்மை நினைவுகளைத்தான் முதலில் அழிக்கும், பழையவை கடைசிவரை நிற்கும். அப்படிப்பட்ட ஒருவர் “வீட்டுக்குப் போகணும்” என்றால் எந்த வீட்டைச் சொல்கிறார்? தாராவியில் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தவர், பரேலில் மில் ஷிப்டுக்குப் போனவர், சயான் கோலிவாடாவில் பத்துக்குப் பத்து ரூமில் நாலு பிள்ளை பெற்றவர் எல்லோருக்கும் இதே கதைதான். மில் இருந்த இடத்தில் மால் நிற்கிறது. ரூம் இருந்த இடத்தில் இருபது மாடிக் கட்டடம் நிற்கிறது. அவர் சரியான இடத்துக்கே போய்ச் சேர்ந்திருப்பார், அந்த இடம் அவருக்கு அடையாளம் தெரியாது. அதனால் இன்னும் தள்ளி, இன்னும் தள்ளி என்று நடந்துகொண்டே இருப்பார்.

மூளைக்குள் நடப்பதும் இதையொட்டியதே. நாம் எங்கே நிற்கிறோம், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கணக்குப் பார்க்கும் செல்கள் மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியிலும் அதையொட்டிய என்டோரைனல் புறணியிலும் இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடித்த ஜான் ஓகீஃபுக்கும் மோசர் தம்பதிக்கும் 2014-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மறதி நோய்களில் ஒன்றான அல்சைமர் முதலில் கைவைக்கும் இடங்களில் ஒன்று அந்த என்டோரைனல் புறணி. ஆகவே பெயர் மறப்பதற்கு முன்பே வழி தப்புவது நடக்கலாம். நாற்பது வருடம் போய்வந்த மாட்டுங்கா மார்க்கெட்டிலிருந்து அப்பா திரும்பி வரத் தடுமாறினார் என்றால், “வயசாயிடுச்சு” என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டிய நேரம் அது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இதுவரை அமைதியாக இருந்தவர் இரண்டே நாளில் அமைதி இழந்து வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்க ஆரம்பித்தால், காரணம் பெரும்பாலும் உடம்பில் இருக்கும். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சொல்லத் தெரியாத ஒரு வலி, புதிதாகக் கொடுத்த தூக்க மாத்திரை என்று எதுவாகவும் இருக்கலாம். பூட்டு வாங்குவதற்கு முன் டாக்டரிடம் போங்கள்.

வரிசை வரிசையாக ஒற்றை அறைகள் கொண்ட பழைய சால் வாழ்க்கையை நான் புனிதப்படுத்தவில்லை. பொதுக் கக்கூஸுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அதன் கஷ்டம் தெரியும். ஆனாலும் அந்தச் சந்துகளில் ஒரு காவல் இருந்தது. கதவுகள் பகல் முழுக்கத் திறந்திருக்கும். யார் வீட்டு ஆச்சி தனியாகக் கிளம்பினாலும் நாலு திண்ணையில் நாலு பேர் “எங்க ஆச்சி போறீய?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியே பாதிப் பேரைத் திருப்பிக் கூட்டி வந்துவிடும். மறுகுடியமர்த்தலில் பதினான்காவது மாடிக்குப் போன குடும்பத்துக்கு லிஃப்ட் கிடைத்தது, சொந்தக் கழிப்பறை கிடைத்தது, மூடிய கதவும் சேர்ந்து வந்தது. லிஃப்டில் இறங்கி வருகிறவரை வாட்ச்மேனுக்குத் தெரியாது. புது இடத்துக்குக் குடிபோன முதல் சில மாதங்கள் மறதி நோய் உள்ளவர்களுக்கு மிக ஆபத்தானவை. வீடு மாறும் நாளிலேயே வாட்ச்மேன், பக்கத்து ஃப்ளாட், கீழே இருக்கும் மளிகைக் கடை, இஸ்திரிக்காரர், ரிக்ஷா ஸ்டாண்ட் என்று எல்லோரிடமும் ஆளைக் கூட்டிப்போய் முகத்தைக் காட்டி, நம்பரைக் கொடுத்துவிட வேண்டும். “இவங்களுக்கு மறதி இருக்கு, தனியாப் பாத்தா ஒரு போன் போடுங்க.” இதைச் சொல்ல வெட்கப்படும் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. நோயை மறைத்து வைத்த வீட்டில் ஆள் காணாமல் போனால், பார்த்தவர்கூட “எங்கேயோ வேலையாப் போறார்” என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடுவார்.

இனி ரயில். மற்ற ஊர்களில் நடந்து போகிறவர் நடந்து போகும் தூரத்தில்தான் இருப்பார். டிமென்ஷியா உள்ளவர்களில் பாதிப் பேர் கடைசியாகக் காணப்பட்ட இடத்திலிருந்து ஏறத்தாழ 1 கிலோமீட்டருக்குள் கிடைத்துவிடுகிறார்கள் என்று அமெரிக்கத் தேடல் மீட்புப் பதிவுகள் காட்டுகின்றன. எதிலாவது சிக்கி நிற்கும்வரை நடப்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் தரமாட்டார்கள், உதவி கேட்டும் சத்தம் போடமாட்டார்கள். அதனால் புதர், படிக்கட்டின் அடிப்பகுதி, நிறுத்தி வைத்த வண்டிகளின் இடுக்கு, பூட்டாத மீட்டர் அறை என்று கண்ணால் பார்த்துத்தான் தேட வேண்டும். இது மும்பைக்கும் பொருந்தும். ஆனால் சயானில் ஸ்லோ லோக்கல் ஏறியவர் ஒரு மணி நேரத்தில் 40 கிலோமீட்டர் தள்ளிக் கல்யாணில் இருப்பார். அங்கிருந்து கசாரா வண்டிக்கு மாறினால் மலையடிவாரம் வரைக்கும் போய்விடுவார். தாதர் பிளாட்பாரத்துக்குப் போய்விட்டாலோ, திருநெல்வேலிக்குப் போகும் சாளுக்கியா எக்ஸ்பிரஸ் அங்கிருந்துதான் கிளம்புகிறது. “ஊருக்குப் போறேன்” என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் உண்மையிலேயே ஊர் வண்டியில் ஏறியிருக்கலாம்.

ஆகவே மும்பையில் தேடுகிற வேலையைத் தொடக்கத்திலேயே இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் ஒருவர் இருக்கட்டும், ஆள் தானே திரும்பி வரக்கூடும். இரண்டு மூன்று பேர் சுற்றுவட்டாரத்தைக் காலால் அலசட்டும். இன்னொருவர் நேராக ஸ்டேஷனுக்குப் போய் ரயில்வே பாதுகாப்புப் படையிடம் கேமராப் பதிவைப் பார்க்கச் சொல்ல வேண்டும். எந்தப் பிளாட்பாரம், எந்த வண்டி என்று தெரிந்துவிட்டால் அடுத்த ஸ்டேஷன்களுக்கு அவர்களே சொல்லிவிட முடியும். ரயில்வே உதவி எண் 139, ரயில்வே போலீஸ் எண் 1512, பொதுவான போலீஸ் அவசர எண் 112. புறநகர் ரயில் பாதைகளில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் சாகிறார்கள், அதில் பெரும்பங்கு தண்டவாளத்தைக் கடக்கும்போது. “கொஞ்ச நேரம் பாப்போம், வந்துருவாரு” என்று காத்திருக்க இந்த ஊரில் இடமில்லை.

ஜப்பானிலிருந்து ஒரு வழக்கை இங்கே சொல்ல வேண்டும். 2007-ல் டிமென்ஷியா இருந்த 91 வயதுக்காரர் ஒருவர், 85 வயது மனைவி சில நிமிடம் கண்ணயர்ந்தபோது வீட்டை விட்டுப் போய் ரயிலில் அடிபட்டு இறந்தார். வண்டிகள் தாமதமானதற்கு நஷ்டஈடு கேட்டு ரயில் நிறுவனம் அந்தக் குடும்பத்தின் மேல் வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றங்கள் பணம் கட்டச் சொல்லின. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம்தான் குடும்பம் பொறுப்பல்ல என்று தீர்த்தது. இராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்ட ஒரு கிழவி கண்ணசந்ததைக் குற்றமாகப் பார்க்க ஒரு நாட்டின் கீழ் நீதிமன்றங்களுக்கே மனம் வந்தது. பார்த்துக்கொள்கிறவர்கள் தூங்க வேண்டும். அவர்களைத் தூங்கவிட, முறை மாற்றி உட்கார, இன்னொரு ஆள் வேண்டும்.

அடுத்து மொழி. இரண்டாவதாகக் கற்ற மொழிகள் நோய் முற்ற முற்ற நழுவிப்போய், முதலில் பேசிய மொழி மட்டும் மிஞ்சுவதைப் பல வீடுகளில் பார்க்கிறோம். ஐம்பது வருடம் இந்தியில் பேரம் பேசியவர், மராத்தியில் சண்டை போட்டவர், இப்போது நெல்லைத் தமிழில் மட்டும் பேசுவார். டோம்பிவிலி பிளாட்பாரத்தில் ஒரு போலீஸ்காரர் “நாம் க்யா ஹை?” (பெயர் என்ன?) என்று இந்தியில் கேட்டால் அவர் பேசாமல் நிற்பார், அல்லது அறுபது வருடத்துக்கு முந்தைய கிராமத்தின் பெயரைச் சொல்வார். போலீஸ்காரர் அதை எழுதிக்கொண்டு, ஊரில் இருந்து வந்தவர் என்று முடிவுகட்டிவிடலாம்.

எனவே அடையாள அட்டையில் தேவநாகரி எழுத்து கட்டாயம் இருக்க வேண்டும். மராத்தியில் இரண்டு வரி போதும்: இவருக்கு மறதி நோய், இந்த எண்ணுக்குப் பேசுங்கள். கூடவே “இவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும்” என்ற ஒரு வரி. குறைந்தது இரண்டு எண்கள் இருக்கட்டும், ஒன்று வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பவருடையது. அட்டையைப் பர்ஸில் வைத்தால் பர்ஸ் தொலையும். ஜாக்கெட்டின் உள்பக்கம், பாவாடை நாடாப் பட்டி, வேட்டி கட்டுகிறவருக்கு பனியன் அடிப்பக்கம் என்று துணியிலேயே தைத்துவிடுவது நல்லது. 2023 செப்டம்பரில் வொர்லியில் காணாமல் போன, மனவளர்ச்சிக் குறைபாடுள்ள 12 வயதுச் சிறுவன் ஒருவன் கொலாபாவில் கிடைத்தான். அவன் கழுத்தில் இருந்த க்யூஆர் கோடு டாலரைப் போலீஸ் ஸ்கேன் செய்ததும் அன்றைக்கே வீடு வந்து சேர்ந்தான். அந்த டாலர் மும்பை இளைஞர் ஒருவர் செய்து கொடுத்தது. அது நல்ல கருவி. அதோடு வெறும் கண்ணால் படிக்கக்கூடிய எழுத்தும் இருக்கட்டும், ஸ்கேன் செய்யத் தெரியாத பூக்காரம்மாதான் ஒருவேளை முதலில் பார்க்கப்போகிறார்.

புகார் கொடுக்கும்போது நம்மவர்கள் சொல்லாமல் விடும் அடையாளங்கள் சில உண்டு. முன்கையில் பச்சை குத்தியிருக்கிறதா, என்ன உருவம்? பாம்படம் போட்டுத் தொங்கிய காதா? மூக்குத்தி எந்தப் பக்கம்? புடவையை எப்படிக் கட்டுவார்? இவை மராத்திக்காரக் காவலருக்கு ஒரே பார்வையில் ஆளைக் காட்டிக்கொடுக்கும். அன்றைக்கு உடுத்தியிருந்த துணி எது என்று பதற்றத்தில் எவருக்கும் நினைவு வராது. தினமும் காலையில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் அந்த நேரத்தில் கைகொடுக்கும்.

ஆதாரும் உதவும். வீடு தெரியாமல் காப்பகங்களில் இருந்தவர்களுக்குப் புதிதாக ஆதார் எடுக்கப் போனபோது, விரல் ரேகை ஏற்கனவே பதிவாகியிருந்தது தெரிந்து குடும்பம் கிடைத்த நிகழ்வுகள் நாட்டில் பல நடந்திருக்கின்றன. சிறு வயதில் எடுத்த ஆதாரில் ரேகை இருக்காது. 5 வயதிலும் 15 வயதிலும் புதுப்பிக்க வேண்டும். மாற்றுத்திறன் உள்ள பிள்ளையை அங்கே கூட்டிப்போவது கஷ்டம் என்று தள்ளிப்போடுகிறோம். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

குழந்தைகள் கிளம்பும் விதம் வேறு. ஆட்டிசம் உள்ள குழந்தை பிடித்த பொருளை நோக்கி ஓடும், அல்லது பிடிக்காத ஒன்றிலிருந்து தப்பி ஓடும். பிடித்தது ரயிலாக இருக்கலாம், எஸ்கலேட்டராக இருக்கலாம், தண்ணீராக இருக்கலாம். தப்பி ஓடுவது பெரும்பாலும் சத்தத்திலிருந்து. கணபதி ஊர்வலத்தின் டோல் தாஷா மேளம், தீபாவளி வெடி எல்லாம் அந்தக் காதுகளுக்குத் தாங்காது. குழந்தை காணாமல் போனால் முதலில் ஓட வேண்டிய இடம் தண்ணீர் இருக்கும் இடம். கட்டடத்து நீச்சல் குளம், தரைத் தொட்டி, மித்தி ஆற்றங்கரை, பக்கத்துச் சாக்கடைக் கால்வாய், மழைக்காலமானால் மூடி திறந்த மேன்ஹோல். மேலே சொன்ன அமெரிக்க ஆய்வில், கவலைப்படும் அளவுக்கு நேரம் காணாமல் போன குழந்தைகளில் 24 சதவீதம் பேர் மூழ்கும் ஆபத்தை நெருங்கித் தப்பியவர்கள். பேச்சு வராத பிள்ளைக்கும் நீச்சல் கற்றுக்கொடுக்க முடியும், பொறுமையான பயிற்சியாளர் கிடைத்தால் போதும்.

18 வயதுக்குக் கீழே என்றால் சட்டம் தெளிவாக இருக்கிறது. காணாமல் போன குழந்தை பற்றிய ஒவ்வொரு புகாரையும் முதல் தகவல் அறிக்கையாகப் பதிய வேண்டும் என்று 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பெரியவர்களுக்கும் “24 மணி நேரம் கழித்து வாங்க” என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அங்கேயே நின்று 112-க்குப் போன் செய்யுங்கள். மனநோய் உள்ளவராகத் தோன்றும் ஒருவர் ஆதரவில்லாமல் அலைந்தால் அவரைப் பாதுகாப்பில் எடுப்பதும், காணாமல் போனவர் என்று பதிந்து குடும்பத்தைத் தேடுவதும் காவல் நிலையத்தின் கடமை என்று 2017-ன் மனநலப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 100, சொல்கிறது. முதியோருக்கான தேசிய உதவி எண் 14567.

அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள முப்பது வயது ஆணின் நிலைமையைப் பற்றித்தான் எனக்கு அதிகம் பயம். பாட்டியைப் பார்த்தால் இரக்கம் வரும், குழந்தையைப் பார்த்தால் பதறுவார்கள். தாடி வைத்த ஓர் ஆள் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒரு பள்ளிக்கூட வாசலில் நின்றால் கூட்டம் என்ன நினைக்கும்? 2018 ஜூலை 1 அன்று இதே மகாராஷ்டிரத்தில், துலே மாவட்டம் ரைன்பாடாவில், பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தியில் ஐந்து பேரை அடித்தே கொன்றார்கள். அவர்கள் வாய் பேசி விளக்கத் தெரிந்தவர்கள், அப்படியும் உயிர் தப்பவில்லை. விளக்கவே தெரியாத மகனுக்கு மாற்றுத்திறனாளி அட்டையின் நகலைக் கழுத்தில் தெரியும்படி மாட்டி அனுப்புவதை அவமானம் என்று நினைக்க வேண்டாம்.

கடைசி வழியாகப் பூட்டை நினைக்கிறோம். வெளிப்பக்கம் பூட்டிவிட்டு வேலைக்குப் போகும் குடும்பங்களின் கையறு நிலை எனக்குப் புரிகிறது. ஆனால் உள்ளே தீப்பிடித்தால்? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியின் மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். தமிழர்கள் எவரும் மறக்கக்கூடாத நாள் அது. மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவதை 2017 சட்டம் எந்த வடிவிலும் தடை செய்கிறது. பூட்டுக்கும் திறந்த கதவுக்கும் நடுவே எத்தனையோ இருக்கின்றன. கதவில் ஒரு மணி கட்டலாம். தாழ்ப்பாளைக் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் வைக்கலாம். கதவின் மேல் திரை போட்டால் அது கதவென்றே சிலருக்குத் தெரிவதில்லை. செருப்பும் பையும் கண்ணில் பட்டால்தான் கிளம்பும் எண்ணம் வரும், அவற்றை உள்ளே வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் தவிக்கும் அந்த மாலை நேரத்தில் நீங்களே கூட்டிக்கொண்டு வெளியே போய்வாருங்கள். “இதுதான் வீடு” என்று வாதாடுவதைவிட, “சரி ஆச்சி, போவோம், காப்பி குடிச்சிட்டுக் கிளம்புவோம்” என்பது நல்லது. கூடவே நடந்து, கோயில் வாசல்வரை போய்த் திரும்பினால் பல நாட்களில் அதுவே போதுமானதாக இருக்கும்.

ஜிபிஎஸ் கடிகாரம், இருக்கும் இடத்தைக் காட்டும் ஏர்டேக் வில்லை எல்லாம் வாங்க முடிந்தவர்கள் வாங்குங்கள். சார்ஜ் தீர்ந்த கடிகாரம் பயன்படாது. பிடிக்காத பொருளைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். ஏர்டேக் பக்கத்தில் இருக்கும் ஐபோன்களை நம்பி இயங்குவது, தாதரில் உதவும், கசாராவில் உதவாமல் போகலாம். செருப்பின் அடியிலோ துணிக்குள்ளோ வைத்துத் தைத்தால் ஓரளவு பலன் உண்டு.

ஜப்பானில் ஒமுதா என்ற ஊரில் 2004 முதல் ஒரு ஒத்திகை நடக்கிறது. ஒருவர் வழி தவறிய முதியவர்போலத் தெருவில் நடப்பார். ஊர்க்காரர்கள் அவரைக் கண்டுபிடித்து, பக்கத்தில் போய், பயமுறுத்தாமல் பேச்சுக் கொடுக்கப் பழகுகிறார்கள். தாராவியிலும் செம்பூரிலும் முலுண்டிலும் தமிழ்ச் சங்கங்களுக்கும் கோயில் கமிட்டிகளுக்கும் குறைவில்லை. பொங்கல் விழாவுக்கு மேடை போடும் நாளில் ஒரு காலைப்பொழுதை இதற்கு ஒதுக்கினால் என்ன? பின்னால் இருந்து தோளைத் தொடாமல் முன்னால் வந்து நிற்பது, கேள்வி மேல் கேள்வி கேட்காமல் “வாங்க, உக்காருங்க” என்று தண்ணீர் கொடுப்பது. பழகிவிட்டால் யாருக்கும் வரும்.

கிடைக்காமலே போனவர்களும் இருக்கிறார்கள். தெருவில் அலையும் மனநோயாளிகளை மீட்டுச் சிகிச்சை கொடுத்து, நாட்டின் எந்த மூலையாக இருந்தாலும் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஷ்ரத்தா மையம் மும்பைக்கு அருகே கர்ஜத்தில் இருக்கிறது. அதை நடத்தும் டாக்டர் பரத் வட்வானிக்கு 2018-ல் மகசேசே விருது கிடைத்தது. மாதங்கள் ஆகிவிட்டாலும் இப்படிப்பட்ட இல்லங்களுக்கும், சயான், கேஇஎம், நாயர், ஜேஜே மருத்துவமனைகளின் பெயர் தெரியாத நோயாளிகள் பட்டியலுக்கும் போட்டோவோடு திரும்பத் திரும்பப் போங்கள்.

ஆள் திரும்பி வந்ததும் திட்டாதீர்கள். எங்கே போனோம் என்பது அவருக்குத் தெரியாது, நம் கோபம் மட்டும் மனதில் தங்கும். தண்ணீர் கொடுத்து, பாதத்தையும் தலையையும் பார்த்து, விழுந்த அடையாளம் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். பிறகு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எத்தனை மணிக்குக் கிளம்பினார், கிளம்பும் முன் என்ன சொன்னார், எந்தப் பக்கம் திரும்பினார், எங்கே கிடைத்தார், யார் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் அடுத்த முறையும் அதே பக்கம்தான் போவார். அந்தப் பக்கத்தின் முதல் கடைக்காரரிடம் நாளைக்கே போய் உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.